காது மெஷினும் செல்போனும்: மலையில் இரண்டு இணைப்பு வழிகள்

காது கேட்கும் கருவியைச் செல்போனோடு புளூடூத்தில் இணைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். "மெஷின் நல்லாத்தான் கேட்குது, போன் வந்தா மட்டும் கேட்கல." குன்னூரில் சொன்னாலும் கூடலூரில் சொன்னாலும் வரி மாறாது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு தொழில்நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குப் பலிக்கும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது. எது எதற்கு என்று தெரியாமல் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதால்தான், சேமிப்பைக் கரைத்து வாங்கிய மெஷின் பல வீடுகளில் போனோடு சேராமலே கிடக்கிறது.

முதல் வழியைச் சாதா புளூடூத் என்று சொல்லலாம். கார் ஸ்பீக்கரும் கழுத்தில் மாட்டும் ஹெட்செட்டும் போனோடு இணைகிற அதே வழி. காது மெஷின் போனிடம் தன்னை ஒரு ஹெட்செட் என்று அறிமுகம் செய்துகொள்ளும். போன் மேற்கொண்டு எதையும் கேட்காது. இது மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும் வழி என்பதால், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரியில் ஓடும் காது மெஷின்களுக்குப் பல ஆண்டுகள் எட்டாமலே இருந்தது. அந்த நாட்களில் போனுக்கும் மெஷினுக்கும் நடுவில் தரகர் மாதிரி ஒரு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் ஃபோனாக் நிறுவனம் 2017-இல் ஆடியோ பி-டைரக்ட் மெஷினைக் கொண்டுவந்தபோது நேரடி இணைப்பு கிடைத்தது. ஆனாலும் போன் அழைப்பு ஒரு காதில்தான் கேட்டது. 2018-இல் வந்த மார்வெல் வரிசையில் இரண்டு காதிலும் கேட்கத் தொடங்கியது.

இரண்டாவது, குறைமின் புளூடூத். ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான், ஆனால் பேசும் முறை வேறு. சாதா புளூடூத் அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரிக்கிறது. குறைமின் புளூடூத் 40 தடங்களாகப் பிரித்து, சிக்கனமாகப் பேசுகிறது. இதன் மேல் காது மெஷினுக்கென்று தனி வழியை முதலில் கட்டியது ஆப்பிள். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது அறிமுகமான அந்த ஏற்பாட்டில் ஓடிய முதல் மெஷின்களில் ரீசவுண்ட் லிங்க்ஸ் ஒன்று. ஆண்ட்ராய்டுக்காக அதே வேலையைக் கூகுள், டென்மார்க்கின் ஜிஎன் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. 'ஆஷா' என்ற அந்த நெறிமுறை 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் இடம்பெற்றது. இந்த வழியில் மெஷினுக்குத் தெரிந்த மொழி போனுக்கும் தெரிந்திருந்தால்தான் பேச்சு நடக்கும். இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நீலகிரியில் இந்தப் பேச்சு வெறும் வசதியைப் பற்றியது இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சிடிசி மெஷின், உலர்த்தி, சலிப்பான்கள், வாட்டு அறையின் மின்விசிறிகள் எல்லாம் பருவத்தில் இரவு பகலாக ஓடும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள வரம்பு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்டது. அந்த இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் குழி பறிக்கும். பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் மட்டும் பிடிபடாது. வெலிங்டனில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலருக்குத் துப்பாக்கிச் சத்தம் செய்ததும் இதே வேலைதான். பிள்ளைகளோ கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். உறவு முழுக்கப் போனில்தான் ஓடுகிறது. அரசுத் திட்டங்களில் இலவசமாகக் கிடைக்கும், காதுக்குப் பின்னே மாட்டும் மெஷின்களில் பெரும்பாலும் புளூடூத் இருப்பதில்லை. ஆகவே புளூடூத் மெஷின் என்றால் கைக்காசு. தவறான வழியைத் தேர்ந்தால் அந்தக் காசு போனது போனதுதான்.

முதல் ஒப்பீடு போனிலேயே தொடங்க வேண்டும். சாதா வழி மெஷின், புளூடூத் உள்ள எந்தப் போனோடும் சேரும். பழைய ஆண்ட்ராய்டோ, ஐபோனோ, புளூடூத் இருக்கிற பட்டன் போனோ, அதற்கு எல்லாம் ஒன்று. எஸ்டேட் லயன்களில் பட்டன் போன் இன்னும் புழங்குகிறது. பெரியவர்களின் விரலுக்குத் தொடுதிரையைவிட அது ஒத்துவருகிறது. குறைமின் வழிக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஐபோனில் சிக்கலே இல்லை. ஆண்ட்ராய்டில், பதிப்பு எண் 10-க்கு மேல் இருந்தாலும் போதாது. அந்த மாடலில் ஆஷாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது போன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. குறைந்த விலைப் போன்களில் அது இல்லாமல் போவது சகஜம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மெஷினுக்கான ஆப்பை இறக்கினால் அது இணைந்துவிடும், சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், பேட்டரி எவ்வளவு என்று பார்க்கலாம். ஆனால் போன் பேச்சு மட்டும் காதுக்கு வராது. ஆப் மெஷினுக்குக் கட்டளை அனுப்பும் வழி வேறு, ஒலி ஓடும் வழி வேறு. ஆப் வேலை செய்கிறது என்பதை வைத்து எல்லாம் வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது.

இணைக்கும் இடமும் வேறு வேறு. சாதா வழியில் போனின் புளூடூத் பட்டியலுக்குள் போய், ஹெட்செட்டைச் சேர்ப்பதுபோல மெஷினைச் சேர்க்க வேண்டும். குறைமின் வழியில் ஐபோன் என்றால் அமைப்புகளில் அணுகல்தன்மை, அதற்குள் கேட்கும் கருவிகள் என்ற பகுதி. அங்கே போகாமல் புளூடூத் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் அணுகல்தன்மைக்குள் அப்படியொரு பகுதி இருக்கிறது. இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்று: மெஷினை அணைத்துப் போட்டதும், அல்லது பேட்டரிக் கதவைத் திறந்து மூடியதும், ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அது புதிய போனுக்குக் கண்ணில் படும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். போனை முதலில் தயாராக வைத்துக்கொண்டு, மெஷினைக் கடைசியாகப் போட வேண்டும்.

இணைந்த பிறகு வரும் கோளாறுகளைப் பார்த்தால், சாதா வழியின் குறைகள் பெரும்பாலும் போனின் அமைப்புகளில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் இணைந்த கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால், அழைப்பு என்றும் மீடியா என்றும் இரண்டு பொத்தான்கள் தெரியும். மீடியா அணைந்திருந்தால் அழைப்பு காதில் கேட்கும். வாட்ஸ்அப்பில் பேரன் அனுப்பிய குரல் செய்தி கேட்காது, அது மீடியா கணக்கில் போகும். அழைப்பு அணைந்திருந்தால் நிலைமை தலைகீழ். இரண்டாவது தொல்லை, ஒவ்வொரு மெசேஜ் சத்தத்துக்கும் எழுத்துத் தட்டும் சத்தத்துக்கும் மெஷின் போன் பக்கம் தாவுவது. எதிரே இருப்பவர் பேச்சு அந்த நொடியில் தணிந்துபோகும். விசைச் சத்தத்தையும் அறிவிப்பு ஒலியையும் போனில் அணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மூன்றாவது, வீட்டில் ஒருமுறை மகனின் போனோடு இணைத்துப் பார்த்திருப்பார்கள். மகன் ஊரிலிருந்து வந்ததும் மெஷின் அந்தப் போனைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் போனில் அழைப்பு வந்தால் காதுக்கு வராது. மகனின் போனிலிருந்து அந்த இணைப்பை அழித்துவிட வேண்டும்.

குறைமின் வழியின் குறைகள் வேறு மாதிரி. இதில் இடது மெஷினும் வலது மெஷினும் தனித்தனியாகப் போனோடு இணைகின்றன. அதனால் ஒரு காது அறுந்து மறு காது ஓடிக்கொண்டிருப்பது இந்த வழியில் அதிகம் காணப்படும் கோளாறு. அறுந்த பக்கத்தை மட்டும் அழித்து மறுபடி சேர்த்தால் பல நேரம் சரியாவதில்லை. இரண்டையும் போனில் அழித்து, போனை அணைத்துப் போட்டு, இரண்டையும் ஒருசேர மறுபடி சேர்க்க வேண்டும். போனில் மென்பொருள் புதுப்பித்த மறுநாள் இணைப்பு கெட்டாலும் இதுதான் வைத்தியம். இன்னொன்று, பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும் போன்கள். அப்போது ஒலி வரும், ஆனால் ஆப்பில் சத்தத்தைக் கூட்ட முடியாது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம்.

போனை எந்தப் பையில் வைக்கிறோம் என்பது அற்பமாகத் தோன்றும். மனித உடல் பெரும்பாலும் நீர்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கும். சாதா வழியில் பெரும்பாலும் ஒரு பக்க மெஷின்தான் போனோடு நேரடியாகப் பேசும். அது வலது காது என்றால் போன் வலது பக்கம் இருக்க வேண்டும். பக்கத்தை மாற்ற வேண்டும் என்றால் ஆடியாலஜிஸ்ட் கணினியில் மாற்றித் தருவார். குறைமின் வழியில் இரண்டு காதும் போனைத் தேடுவதால், ஜெர்க்கினின் உள்பையில் ஒரு ஓரமாகப் போனைப் போட்டால் எதிர்ப்பக்கக் காது வெட்டி வெட்டிக் கேட்கும். நெஞ்சுக்கு நடுவே சட்டைப் பையோ, மேசையோ நல்லது.

நம் குரல் மறுமுனைக்கு எப்படிப் போகிறது என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. சாதா வழியில் மெஷினில் உள்ள மைக்கே நம் குரலை எடுத்து அனுப்பும். போன் அலமாரியில் இருந்தாலும் பேசலாம்; தேயிலைக் கூடை தோளில் இருக்க, கை இரண்டும் வேலையில் இருக்கப் பேசலாம். ஆஷா வழியில் ஒலி போனிலிருந்து காதுக்கு மட்டுமே ஓடும். நம் குரலைப் போனின் மைக்தான் எடுக்க வேண்டும். போனை வாய்க்கு அருகில் பிடிக்காவிட்டால் மறுமுனையில் இருப்பவர் "கேட்கல, கேட்கல" என்பார். பயனரோ தன் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பார். அண்மைய ஐபோன்களிலும் சில மெஷின்களிலும் மட்டும் மெஷினின் மைக் வழியாகப் பேச வழி வந்திருக்கிறது.

இதில் மலைக்கே உரிய ஒரு திருப்பம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் காலையில் காதை மூடிய கம்பளிக் குல்லாவும் மப்ளரும் இல்லாமல் யாரும் வெளியே வருவதில்லை. குல்லாவுக்குள் இருக்கும் மெஷினின் மைக் கம்பளி உரசும் சத்தத்தைத்தான் அதிகம் எடுக்கும். சாதா வழியில் அந்தச் சத்தமே மறுமுனைக்குப் போகும். அந்த நேரத்தில் குறைமின் வழிதான் தெளிவு. போனின் மைக் வெளியே வாய்க்கருகில் இருக்கிறது. தொழிற்சாலை வாசலில் நின்று பேசும்போதும் இப்படித்தான். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலை இயந்திரங்கள் ஓடும் அறைக்குள் காது கேட்கும் கருவியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாது. அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். காதடைப்பானுக்கு அது மாற்று ஆகாது.

குளிர் பேட்டரியையும் விட்டுவைப்பதில்லை. பொத்தான் பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்குவது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். காற்று மெலிந்து, குளிரும் சேர்ந்தால் பேட்டரியின் திறன் இறங்கும். பேச்சைப் பெருக்கிக் கேட்க அந்த மின்சாரம் போதும். புளூடூத் ஒலியை ஓடவிடப் போதாது. மெஷின் முதலில் கைவிடுவது போன் ஒலியைத்தான். காலையில் போன் கேட்கவில்லை, மதியம் வெயில் வந்ததும் கேட்கிறது என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். புதிய பேட்டரியின் தாளை உரித்ததும் உடனே போடாமல், நான்கைந்து நிமிடம் காற்றில் வைத்துப் போடுவது நல்லது. அதிக மின்சாரம் கேட்பதால் சாதா வழிக்கு இந்தத் தொல்லை கூடுதல். நாள் முழுக்கப் பாட்டும் செய்தியும் கேட்பவருக்குக் குறைமின் வழி பேட்டரியை மிச்சம் பிடித்துத் தரும். பனிமூட்டத்திலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் நுழைந்தால் மெஷினின் குழாயில் ஈரம் கோக்கும். அப்போது போன் ஒலி மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் பேச்சும் மங்கும். இரண்டும் மங்கினால் புளூடூத்தைக் குறை சொல்ல வேண்டாம். இரவில் மெஷினை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் வைத்தால் காலையில் தெளிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது டவர் விவகாரம். ஒரு நல்ல 4ஜி அழைப்பு ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸ் வரை குரலைக் கொண்டுவரும். 4ஜி கிடைக்காமல் அழைப்பு 2ஜிக்கு இறங்கினால் 3,400 ஹெர்ட்ஸோடு குரல் வெட்டப்படும். 'ச' என்ற ஒலியின் உயிர் 4,000-க்கு மேலே இருக்கிறது. அந்தப் பகுதி வெட்டுப்பட்டால் 'காசு' என்பதும் 'காது' என்பதும் ஒன்றுபோலக் கேட்கலாம். நல்ல காது உள்ளவர் முன்பின் வார்த்தைகளை வைத்து ஊகித்துவிடுவார். இரைச்சலில் 4,000 ஹெர்ட்ஸை ஏற்கெனவே இழந்தவருக்கு, மீதமிருந்த கொஞ்சமும் டவரில் தொலைகிறது. நீலகிரியில் ஒரு வளைவு திரும்பினால் டவர் மாறும், ஒரு சோலைக்காட்டுச் சரிவு குறுக்கே வந்தால் இல்லாமலே போகும். "நேத்து நல்லா கேட்டது, இன்னைக்கு மெஷின் கெட்டுப்போச்சு" என்பதில் கெட்டது மெஷினாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஷாவும் ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். சாதா வழியின் அழைப்பு ஒலி பழைய போன்களில் 3,400-இல் நின்றுவிடும், புதியவற்றில் 7,000 வரை போகும். ஆனால் டவர் குரலை வெட்டிவிட்டால் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பே இல்லை. எந்தக் கண்ணி மிகக் குறுகியதோ அதன் அளவுதான் காதுக்கு வரும்.

இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே ஆளை, அதே இடத்திலிருந்து, வைஃபையில் வாட்ஸ்அப் வழியாக அழைத்துப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் மெஷினும் புளூடூத்தும் நலம், குறை டவரில். வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் போன் அமைப்பில் வைஃபை அழைப்பைப் போட்டுவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின. சரிவில் உள்ள வீடுகளுக்கு இது புது மெஷின் வாங்கியதற்குச் சமம். வாட்ஸ்அப்பிலும் சரியாகக் கேட்கவில்லை என்றால் மட்டுமே முன்னே சொன்ன அமைப்புகளுக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டிலேயே இவ்வளவையும் பார்த்துவிடச் சொல்வதற்குக் காரணம் தூரம். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் நாட்டின் முதன்மையான மையங்களில் ஒன்று. உதகையிலிருந்து கூடலூர், பந்திப்பூர் வழியாக 150 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. கோவைக்கு இறங்கினாலும் ஒரு நாள் கூலி போகும். ஒரு பொத்தானைத் தட்டத் தெரியாமல் ஒரு நாள் கூலியைத் தொலைப்பது எஸ்டேட் குடும்பத்துக்குச் சின்ன இழப்பு இல்லை.

மூன்றாவதாக ஒன்று இப்போது வந்துகொண்டிருக்கிறது: எல்இ ஆடியோ. அதன் அடித்தளமான புளூடூத் 5.2 வரையறை 2020 ஜனவரியில் வெளியானது. மற்ற வரையறைகள் 2022-இல் முடிந்தன. ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்கு இடம் இருக்கிறது; 2023-இல் வந்த ரீசவுண்ட் நெக்சியா அதைப் பேசத் தெரிந்த மெஷின்களில் முதல் வரிசையைச் சேர்ந்தது. குறைமின் வழியின் சிக்கனமும், இருவழிப் பேச்சும் அதில் ஒன்றுசேர்கின்றன. வருங்காலம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் அதற்கும் அதைப் பேசத் தெரிந்த போன் வேண்டும். மலையில் பலர் கையில் இருக்கும் போன் அது இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஐபோனோ, ஆஷா ஓடுவது உறுதியான ஆண்ட்ராய்டோ கையில் இருந்து, நாள் முழுக்கக் கேட்கவும் குளிர்காலையில் வெளியே நின்று பேசவும் வேண்டியவர்களுக்குக் குறைமின் வழி மேலானது. பட்டன் போனோ, மகன் கொடுத்த பழைய போனோ வைத்திருப்பவர்களுக்கு, இரண்டு கையும் வேலையில் இருப்பவர்களுக்கு, போன் அடிக்கடி மாறும் வீடுகளுக்குச் சாதா வழியே சரி. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் எந்தப் போனிலும் பேச்சு கேட்கும். மலையில் வாழும் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது கூட்டம்தான் என்பது என் கணிப்பு. விலைப்பட்டியலில் மேலே இருக்கிறது என்பதற்காக அவர்களுக்கு வேறொன்றைத் தலையில் கட்டக் கூடாது.

மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரரின் போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் சொந்தப் போனையும் உங்கள் சிம்மையும் எடுத்துப் போங்கள். பணம் கட்டும் முன், உங்கள் போனில் ஒரு அழைப்பு, ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி இரண்டையும் இரண்டு காதிலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பேசுவது மறுமுனையில் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். இணைப்பை ஒருமுறை அழித்து, உங்கள் கையாலேயே மறுபடி சேருங்கள். அதற்கு நேரம் இல்லை என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.